தறி நின்றது, வாத்தியம் ஓயவில்லை

லாஸ்பேட்டையிலும் புதுச்சேரியின் ஏனைய பகுதிகளிலும் மணமகன் ஊர்வலத்திலோ இறுதி யாத்திரையிலோ பாண்டு வாத்தியம் முன்செல்வதைக் கண்டிராதார் இலர். ஆயினும் அவ்வாத்தியக்காரரை நாம் ஒரு நாளைக்கு அழைக்கின்றோம், மறுநாள் மறந்துவிடுகின்றோம். ஓர் ஊரார் தமக்கென ஒரு குழுவை அமைத்து, தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்ற இயலுமா? இவ்வினாவுக்கு நெசவாளர் ஊர் ஒன்றின் வரலாறு விடை கூறுகின்றது.

முதற்கண் நம் நாட்டு அனுபவத்தைப் பார்ப்போம். பாண்டு வாத்தியம் நமக்கு அந்நியமன்று. 1835-இல் மறைந்த முத்துசுவாமி தீட்சிதர், ஆங்கிலேயர் பட்டாள வாத்தியத்தின் மெட்டுகளைக் கேட்டு, அவற்றிற்கு வடமொழியில் சாகித்தியம் அமைத்தார். அவையே நோட்டு ஸ்வரங்கள். தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் அரண்மனையிலேயே பாண்டுக் குழு ஒன்றை வைத்திருந்தார். ஆனால் அக்குழு பொக்கிஷத்தை நம்பி வாழ்ந்தது. 1855-இல் அவர் புதல்வர் சிவாஜி மன்னர் ஆண் வாரிசின்றி மறையவே, கும்பினியார் அரசைக் கைப்பற்றினர். அரண்மனையை அண்டியிருந்த கலைஞர் பலர் ஆதரவிழந்து வேற்றூர் சென்றனர்.

அதே 1855-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் நிகழ்ந்ததைக் காண்போம். இன்று குவீன்ஸ்பரி எனப்படும் மலையூரில் கம்பள நூல் நெசவே பிழைப்பு. 1816-இல் பீட்டர் வார்ட்டன் என்னும் விடுதிக்காரர் அங்கு ஒரு குழுவைத் தொடங்கினார். அதில் கொம்பு வாசித்த இளைஞர்களுள் ஒருவர் ஜான் பாஸ்டர். அம்முயற்சி தளர்ந்தபின், 1837-இல் ஊரில் மீண்டும் ஒரு குழு எழுந்தது. பாஸ்டர் பிற்காலத்தில் பிளாக் டைக் ஆலையின் அதிபரானார். 1855-இல் அவ்வாலை குழுவை ஏற்றுச் சீருடை வழங்கியது. குழுவும் ஆலையின் பெயரைத் தாங்கியது. முதலாளியின் கை உதவிற்று என்பது மெய்யே. எனினும் விதை ஊராருடையது.

இத்தகைய குழுவின் அமைப்பே கூட்டுறவுப் பாடமாகும். ஏறத்தாழ இருபத்தைந்து பித்தளை வாத்தியங்கள். சிறியது கார்னெட், பெரியது டியூபா. பெரும்பாலானவற்றிற்கு மூன்று அடைப்பான்களே உள்ளன. விரல் வைக்கும் முறையும் ஏறக்குறைய ஒன்றே. சுரக் குறிப்பும் ஒரே முறையில் எழுதப்படுவதால், ஒன்றைக் கற்றவன் மற்றொன்றுக்கு மாறுவது எளிது. ஒருவர் நோயுற்றால் மற்றொருவர் அவ்விடத்தை நிரப்பலாம். பகலில் தறியில் நின்றவர் மாலையில் பயிற்சிக்கு வருவர்.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் நெசவுத் தொழில் அவ்வாலையை விட்டகன்றது. குழு அகலவில்லை. பிளாக் டைக் என்னும் பெயருடன் இன்றும் வாசிக்கின்றது. உலகப் புகழும் பெற்றுள்ளது. புதுச்சேரியில் 1898-இல் தோன்றிய ஆங்கிலோ பிரெஞ்சு ஆலை 2020-இல் மூடப்பட்டதை அறிந்த நமக்கு இச்செய்தியின் கனம் விளங்கும். ஆலை போனபின் ஊரிடம் எஞ்சுவது யாது? கட்டடமா? அன்று, மக்கள் கூடிப் பழகிய பழக்கமே.

ஆகவே, சங்கங்கள் சிந்திக்க வேண்டும். பொது நன்மை நிதியிலிருந்து நான்கைந்து வாத்தியங்கள் வாங்கலாம். அவை தனியார் உடைமையாகாமல் சங்கத்தின் சொத்தாக இருத்தல் வேண்டும். மூத்த வாத்தியக்காரரை ஆசிரியராக்கி, நியாயமான ஊதியம் தந்து, அங்கத்தினர் மக்களுக்கு வாரம் இருமுறை பயிற்சி அளிக்கலாம். முதலாண்டில் ஒலி கரகரக்கும். அயலார் சற்றுப் பொறுத்தல் வேண்டும். ஒருவர் பொக்கிஷத்தில் வாழும் கலை அவரோடு மடியும். பலர் பங்கிட்டுச் சுமக்கும் கலை பிள்ளைகளின் கைக்குச் சென்று சேரும்.