வாதி வராத நாளில் வழக்கு என்னவாகும்?

உரிமையியல் வழக்கில் பரிகாரம் கேட்டு வருபவர் வாதி. ஆகவே வழக்கைக் கடைசிவரை நடத்திச் செல்லும் பொறுப்பும் அவருடையது என்பது 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் அடிப்படை. அந்தப் பொறுப்பில் அவர் தவறினால், பிணக்கின் நியாயத்துக்குள் நுழையாமலேயே நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்யலாம். இவ்வகை உத்தரவு, அச்சட்டத்தின் 2(2) பிரிவின்படி, தரப்பினரின் உரிமையை அறுதியிட்டுச் சொல்லும் ‘தீர்ப்பாணை’ ஆகாது. ஆயினும் வாதிக்கு நேரும் இழப்பு பல வேளைகளில் தோல்விக்குச் சமமானதே.

இதற்கான விதிகள் 9ஆவது கட்டளையில் உள்ளன. அழைப்பாணை அனுப்புவதற்கான கட்டணத்தை வாதி செலுத்தாமலிருப்பதும், சேர்ப்பிக்கப்படாமல் திரும்பிய அழைப்பாணைக்குப் பதிலாக 7 நாட்களுக்குள் புதியதைக் கோராமலிருப்பதும் தள்ளுபடிக்குக் காரணமாகலாம். எனினும் மிகுதியும் காணப்படுவது வாய்தாவன்று வராமையே. வழக்கு எண்ணைச் சொல்லித் தரப்பினரின் பெயர்களை நீதிமன்ற ஊழியர் உரக்கக் கூப்பிடும்போது, வாதியோ அவருடைய வக்கீலோ முன்வராவிட்டால், பின்விளைவைத் தீர்மானிப்பது எதிர்த்தரப்பு வந்திருக்கிறதா என்பதுதான்.

இரு தரப்பும் வராதபோது விதி 3இன்கீழ் வழக்கு தள்ளுபடியாகிறது. விதி 4இன்படி வாதி புதிய வழக்குத் தொடரலாம், அல்லது பழைய வழக்கையே மீண்டும் கோப்புக்கு எடுக்குமாறு மனுச் செய்யலாம். பிரதிவாதி மட்டும் வந்திருந்தால் விதி 8 பொருந்துகிறது. 5 லட்சம் ரூபாய் கோரப்பட்ட வழக்கில் 2 லட்சத்தை அவர் ஒப்புக்கொண்டால் அத்தொகைக்குத் தீர்ப்பாணை வழங்கப்பட்டு, எஞ்சியது தள்ளுபடியாகும். அதன்பின், அதே வழக்கு மூலத்தை, அதாவது வழக்குத் தொடரும் உரிமையைத் தந்த அதே நிகழ்வுகளை, வைத்து இன்னொரு வழக்குத் தொடுக்க விதி 9 தடை விதிக்கிறது.

விதி 4 தரும் சலுகையும் பல நேரங்களில் ஏட்டளவிலேயே நின்றுவிடுகிறது. கடனுறுதிச் சீட்டின் மீதான வழக்குக்குக் காலவரம்பு பொதுவாக 3 ஆண்டுகள். அது முடியும் தறுவாயில் தொடுத்த வழக்கு தள்ளுபடியானால், புதிய வழக்குக்கு உரிமை இருந்தும் காலம் இராது.

எனவே வாதிக்குப் பெரும்பாலும் எஞ்சுவது, விதி 4இன்கீழோ விதி 9இன்கீழோ வழக்கை மீண்டும் கோப்புக்கு எடுக்கக் கோரும் மீட்பு மனுவே. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின் 122ஆவது இனம் அதற்கு 30 நாள் தருகிறது. தாமதமானால் 5ஆம் பிரிவின்கீழ் மன்னிப்புக் கோரலாம். வராமைக்குப் ‘போதிய காரணம்’ காட்டப்பட்டால், செலவுத்தொகை முதலிய நிபந்தனைகளுடன் நீதிமன்றம் வழக்கை மீட்டளிக்கும். விதி 9இன்கீழான மனு மறுக்கப்பட்டால் 43ஆவது கட்டளையின்படி மேல்முறையீடு செய்யலாம். விதி 4இன்கீழான மனுவுக்கு அவ்வழி இல்லை.

வக்கீலை நம்பி ஊரிலிருந்த கட்சிக்காரர், அந்த வக்கீல் வராத தவறுக்காகத் துன்புறலாகாது என்று 1981இல் ரஃபீக் எதிர் முன்ஷிலால் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் கட்சிக்காரரும் விழிப்புடன் இருக்க வேண்டும் என்று பிற்காலத் தீர்ப்புகள் பல வலியுறுத்தியுள்ளன. 30 நாள் கணக்கு தள்ளுபடியான தேதியிலிருந்தே ஓடுகிறது, வாதிக்குச் செய்தி எட்டிய நாளிலிருந்து அன்று; ஆகவே வழக்கின் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணைக் கையில் வைத்து, இ-கோர்ட்ஸ் தளத்தில் அடுத்த வாய்தாவை அவ்வப்போது பார்த்துக்கொள்வது வாதிக்குக் காப்பாகும்.