பறவையின் சுவாசமும் பண்ணை முகாமைத்துவமும்

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பறவையியல் அறிவு மூன்று பீடங்களிற் பரந்துள்ளது. விஞ்ஞான பீடத்தில் விலங்கியலும், மிருகவைத்திய பீடத்தில் நோயும் பராமரிப்பும், விவசாய பீடத்தில் பண்ணை முகாமைத்துவமும் முதன்மை பெறுகின்றன. இம்மூன்றும் ஒன்றையொன்று வேண்டி நிற்பனவென்பதற்குச் சுவாசம் தக்க சான்றாகும்.

முலையூட்டிகளிற் காணப்படும் தசையாலான பிரிமென்றகடு பறவைகளுக்கு இல்லை. அவற்றின் நுரையீரல் விரிந்து சுருங்குவதில்லை. மார்பெலும்பின் அசைவால் விரியும் காற்றுப்பைகளே அதனூடாகக் காற்றை ஒரே திசையிற் செலுத்துகின்றன. ஆதலின் மார்பை இறுகப் பிடித்தால், அலகு திறந்திருக்கவே கோழி மூச்சடைத்து இறக்கும். வியர்வைச் சுரப்பிகளும் இன்மையால், வெப்பத்தில் அது மூச்சிரைத்தே உடலைத் தணிக்கின்றது. அதனாற் குருதியிற் காபனீரொட்சைட்டுக் குறைய, முட்டையின் ஓடு மெல்லியதாகின்றது. ஈரமான கூளத்திலிருந்து எழும் அமோனியாவோ சுவாசப் பாதையைத் தாக்கி நோய்க்கு வழிவகுக்கின்றது.

நிழல், காற்றோட்டம், உலர்ந்த கூளம், பிடிக்கும் முறை ஆகிய பண்ணை விதிகள் யாவும் இவ்வுடலமைப்பிலிருந்தே பிறக்கின்றன. கொல்லையிற் பத்துக் கோழி வளர்க்கும் பெண்ணிடமும் அவ்விதிகள் காரணத்துடன் சென்றடைதல் வேண்டும். விதியை மட்டும் அறிந்தவர், நிலைமை மாறியதும் தடுமாறுவர். காரணத்தையும் அறிந்தவர் தாமே முடிவெடுப்பர். பல்கலைக்கழகம் சமூகத்துக்குச் செலுத்தவேண்டிய கடன் இதுவேயாகும்.