வளைபாதக் குழந்தைகளும் பெற்றோர் கடமையும்

சில சிசுக்களுக்குப் பிறக்கும்போதே பாதம் உட்புறமாகத் திரும்பி, குதிகால் மேலே தூக்கி நிற்கும். இதனை வளைபாதம் என்பர். சுமார் 1000 குழந்தைகள் பிறந்தால் அவர்களுள் ஒருவர் அல்லது இருவரிடத்தில் இது காணப்படும். பெண் மகவுகளைவிட ஆண் மகவுகளுக்கு இது ஏறக்குறைய இரு மடங்கு அதிகம். இவ்வூனமுற்றோரில் பாதிப் பேருக்கு இரண்டு பாதங்களுமே வளைந்திருக்கும்.

கர்ப்பிணி கிரகண காலத்தில் வெளியே வந்ததால் இது நேர்ந்ததென்று கிராமங்களில் சொல்வதுண்டு. கிரகணத்துக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. சில குடும்பங்களில் இது பரம்பரையாக வருவதுண்டு. வீண் பழிக்கு அஞ்சித் தாய் குழந்தையின் காலைத் துணியால் மூடி வைப்பதால், சிகிச்சைக்கு உகந்த காலமே கழிந்துபோகிறது. எண்ணெய் தேய்த்து உருவிவிட்டால் தானே நிமிரும் என்று காத்திருப்பதும் பிசகு. கவனியாது விட்டால் குழந்தை பாதத்தின் வெளியோரத்தை ஊன்றி நடக்கும். அவ்விடம் காய்த்துப் புண்ணாகும். வளர்ந்தபின் வரப்பிலும் மேட்டிலும் நடந்து உழைப்பது அரிதாகும்.

இதற்கு இன்று உலகெங்கும் கையாளப்படும் முறை பொன்செட்டி முறையாகும். ஸ்பெயின் தேசத்து மினோர்க்காத் தீவில் 1914-ம் ஆண்டில் பிறந்து, அமெரிக்காவில் அயோவா சர்வகலாசாலையில் பணியாற்றிய டாக்டர் இக்னாசியோ பொன்செட்டி இதனை வகுத்தார். பெரிய அறுவைச் சிகிச்சை பெற்ற பாதங்கள் பிற்காலத்தில் விறைத்து வலியெடுப்பதை அவர் கண்டார். சிசுவின் எலும்புகளும் மூட்டு நார்களும் இளக்கமானவை. ஆதலால் மெதுவாக நீட்டித் திருத்தினால் அவை இசைந்து கொடுக்கும் என்பதே இம்முறையின் ஆதாரம்.

பிறந்த சில வாரங்களுக்குள் எலும்பு வைத்தியரிடம் கொண்டு செல்வது உத்தமம். அவர் பாதத்தைக் கையால் சிறிது திருத்தி, கால்விரல் முதல் தொடை வரை மாவுக் கட்டுப் போடுவார். வாரந்தோறும் அதைக் கழற்றி, மேலும் சிறிது திருத்திப் புதுக்கட்டுப் போடுவார். பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு கட்டுகள் போதும். பின்னர் அநேகக் குழந்தைகளுக்குக் குதிகாலின் பின்புறமுள்ள தசைநாணைச் சிறிதாக வெட்டிவிட்டு, மூன்று வாரம் கடைசிக் கட்டுப் போடுவார்கள். வெட்டிய நாண் அதற்குள் நீண்டு கூடிவிடும். கட்டை நனைக்கலாகாது. விரல்கள் நீலித்தாலோ, வெளுத்தாலோ, வீங்கினாலோ, கட்டுக்குள் மறைந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

பாதம் நேராகிவிட்டதைக் கண்டு வேலை முடிந்ததென்று பெற்றோர் எண்ணுகின்றனர். அபாயம் அங்கேதான் உள்ளது. குழந்தை வளருந்தோறும் பாதத்தை மீண்டும் உள்ளே இழுக்கும் தன்மை நீங்குவதில்லை. ஆகவே இரு பூட்ஸுகளை ஒரு பட்டையால் இணைத்த சாதனத்தை முதல் மூன்று மாதம் நாளொன்றுக்கு 23 மணி நேரமும், அதன்பின் நான்கு, ஐந்து வயது வரை உறங்கும் நேரங்களிலும் அணிவிக்க வேண்டும். முதற் சில இரவுகளில் குழந்தை அழும். மனமிரங்கிக் கழற்றிவிட்டால், வாரக் கணக்கில் பட்ட சிரமம் வீணாகும். ஊனம் மீள்வதற்கு முதற்காரணம் இதனை அணியாமையே. தோலில் புண் கண்டால் தாமே நிறுத்திவிடாமல் வைத்தியரிடம் காட்டிச் சரிசெய்து கொள்க.

இந்திய சர்க்கார் 2013-ம் ஆண்டில் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்கிரமத்தில் பரிசோதிக்கப்படும் பிறவி ஊனங்களுள் வளைபாதமும் ஒன்று. அதன்படி சிகிச்சை இலவசம். கிராம சுகாதாரச் செவிலியரிடம் தெரிவித்தால், எங்கே செல்வதென்று வழி காட்டுவார்.

எனினும் வாரந்தோறும் ஜில்லா ஆஸ்பத்திரிக்குச் செல்லும் நாளில் கூலி வேலை செய்யும் பெற்றோருக்கு ஒரு நாட்கூலி போய்விடும். பலர் பாதியில் நின்றுவிட இதுவும் ஒரு காரணம். பஸ் செலவுக்கு உதவுதல், மூத்த குழந்தைகளை அன்று பார்த்துக்கொள்ளுதல் ஆகியவை அயலாரால் ஆகக்கூடியவை. ஊரில் ஒரு குழந்தை பிறந்தால் அதன் பாதங்களையும் பார்க்கும் வழக்கத்தைத் தாய்மார்களும் பஞ்சாயத்தாரும் கைக்கொள்வார்களாக.