"இப்போது போர் வேண்டாம்!" பிரதமரிடம் சொன்ன தளபதி

கல்வராயன் மலையில் பெருமழை கொட்டினால் கோமுகி ஆற்றில் வெள்ளம் புரளும். கள்ளக்குறிச்சி பக்கத்து மக்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

அந்த நேரத்தில், கரும்பு ஏற்றிய டிராக்டரை ஆற்றில் இறக்கும்படி முதலாளி சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். டிரைவர் என்ன செய்ய வேண்டும்?

"சரி ஐயா" என்று இறக்கினால் டிராக்டரும் போகும், ஆளும் போவார். "வெள்ளம் வடியட்டும் ஐயா, பிறகு நானே கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்" என்று சொல்பவர்தான் முதலாளிக்கு உண்மையானவர்.

நாட்டின் பிரதமரிடமே இப்படிச் சொன்ன ராணுவத் தளபதி ஒருவர் இருந்தார். அவர்தான் சாம் மானெக்ஷா.

மந்திரிசபையில்...

1971-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி இரவு, கிழக்கு பாகிஸ்தானில் பாகிஸ்தான் ராணுவம் மக்களைச் சுட்டுத் தள்ளத் தொடங்கியது. அதுதான் இன்றைய வங்காளதேசம். அங்கிருந்து அகதிகள் இந்தியாவுக்குள் வந்து குவிந்தார்கள். நாளடைவில் அவர்கள் தொகை ஏறக்குறைய 1 கோடி ஆயிற்று.

ஏப்ரல் மாதம் பிரதமர் இந்திரா காந்தி மந்திரிசபையைக் கூட்டினார். தளபதியும் அழைக்கப்பட்டார். உடனே படையை அனுப்ப வேண்டும் என்ற பேச்சு எழுந்தது.

அன்று நடந்ததை மானெக்ஷாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

படை தயாராக இல்லை என்றார் அவர். மழைக்காலம் வந்தால் அந்த நாட்டு ஆறுகள் கடல் போல் ஆகிவிடும். படை நகர முடியாது. வட இந்தியாவில் அறுவடை நேரம். ரெயில்கள் தானியம் ஏற்றப் போய்விடும். பனி உருகிவிட்டால் இமயமலைக் கணவாய்கள் வழியாகச் சீனா வரலாம். இப்போது போனால் தோல்விதான் என்று அடித்துச் சொன்னார்.

பிரதமரின் முகம் சிவந்தது. கூட்டம் கலைந்த பிறகு, ராஜினாமா செய்யவும் தயார் என்றார் தளபதி. பிரதமர் அதை ஏற்கவில்லை. அவர் கேட்ட அவகாசத்தைக் கொடுத்தார்.

டிசம்பர் 3-ந் தேதி போர் மூண்டது. 16-ந் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படை சரண் அடைந்தது. பிடிபட்டவர்கள் சுமார் 93 ஆயிரம் பேர்!

மந்திரியின் கோபம்

மானெக்ஷா இப்படிப் பேசியது அதுவே முதல் தடவை அல்ல. தலைமைத் தளபதி திம்மையாவைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று ராணுவ மந்திரி கிருஷ்ண மேனன் ஒருமுறை கேட்டாராம். மேலதிகாரியைப் பற்றிக் கருத்துச் சொல்வது என் வேலை அல்ல என்று மறுத்துவிட்டார். மந்திரிக்குக் கோபம்.

பின்னர், நீலகிரியில் உள்ள வெலிங்டன் ராணுவக் கல்லூரிக்கு அவர் தலைவராக இருந்தபோது, அவர் மீது விசாரணை வந்தது. குற்றம் இல்லை என்று தீர்ப்பாயிற்று. ஆனாலும் அதுவரை அவருடைய பதவி உயர்வு தடைபட்டது.

சுட மறுத்த ஹவில்தார்

இன்னும் பெரிய விலை கொடுத்தவர்களும் உண்டு.

1930-ம் ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி பெஷாவர் நகரில், ஆயுதம் இல்லாத கூட்டத்தைச் சுடும்படி வெள்ளைக்கார அதிகாரி உத்தரவிட்டார். கட்வால் படையைச் சேர்ந்த சந்திர சிங்கும் அவருடைய சிப்பாய்களும் சுட மறுத்தார்கள். ராணுவக் கோர்ட்டு சந்திர சிங்குக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 1941-ம் ஆண்டில்தான் அவர் விடுதலை ஆனார்.

யாருக்கு விசுவாசம்?

அப்படியானால், ஒவ்வொரு சிப்பாயும் தன் இஷ்டப்படி நடக்கலாமா? கூடாது. போரா, சமாதானமா என்று முடிவு செய்வது மக்கள் தேர்ந்தெடுத்த அரசாங்கம்தான். மானெக்ஷாவும் ஆட்சியைப் பிடிக்க நினைக்கவில்லை. உண்மையைச் சொன்னார், இல்லையேல் பதவியை விடுகிறேன் என்றார், ஒப்புக்கொண்ட வேலையை முடித்துக் கொடுத்தார்.

கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு பையன் நாளைக்குப் பட்டாளத்தில் சேர்ந்தால், இந்திய அரசியல் சட்டத்துக்கு உண்மையாக இருப்பேன் என்றுதான் சத்தியம் செய்வான். எந்தக் கட்சியின் பெயரும், எந்தத் தலைவரின் பெயரும் அந்தச் சத்தியத்தில் கிடையாது. கீழ்ப்படியாதவனைத் தண்டிக்கும் ராணுவச் சட்டமும் "சட்டப்படியான உத்தரவு" என்றே சொல்கிறது.

தலைவர்கள் மாறுவார்கள். தலைவருக்குப் பிடித்ததை மட்டும் சொல்லும் அதிகாரி அவருக்கும் உதவமாட்டார், நாட்டுக்கும் உதவமாட்டார். தவறான உத்தரவால் முதலில் சாவது ஏழை வீட்டுச் சிப்பாய்தான்!