குந்தாணி

குந்தாணி என்பது தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கர்நாடக எல்லையை ஒட்டிய மலைப்பகுதியில் உள்ள ஒரு வரலாற்றுச் சிறப்புமிக்க ஊராகும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் போசள மன்னன் வீர இராமநாதனின் தலைநகராக இது விளங்கியது.

பின்னணி

போசள மன்னன் சோமேசுவரன் காவிரிக் கரையை அடுத்த கண்ணனூரில் (இன்றைய சமயபுரம் அருகே) தங்கி ஆட்சி செய்தான். 1254ஆம் ஆண்டளவில் போசள நாடு அவனது இரு மகன்களுக்கிடையே பிரிக்கப்பட்டது. மூன்றாம் நரசிம்மன் துவாரசமுத்திரத்தை (இன்றைய ஹளேபீடு) தலைநகராகக் கொண்டு கன்னடப் பகுதியின் பெரும்பாகத்தை ஆண்டான். தமிழகப் பகுதிகளும் கோலார்ப் பகுதியும் இராமநாதனுக்குக் கிடைத்தன.

தலைநகர் மாற்றம்

பாண்டியர்களின் எழுச்சியால் போசளர்களின் பிடி சமவெளியில் தளர்ந்தது. 1279ஆம் ஆண்டளவில் மாறவர்மன் குலசேகர பாண்டியனிடம் தோற்ற இராமநாதன் காவிரிப் பகுதியை இழந்தான். அதன்பின் குந்தாணியைத் தலைநகராக்கிக்கொண்டு, தன் சகோதரன் நரசிம்மனின் நாட்டுடனும் போரிட்டான்.

தெற்கே பாண்டியர், வடமேற்கே சகோதரன் என இருபுறமும் பகை சூழ்ந்த நிலையில், மலைகள் அரணாக அமைந்த இப்பகுதி அவனுக்குப் பொருத்தமாக இருந்தது எனலாம். மைசூர்ப் பீடபூமிக்கும் பாராமகால் சமவெளிக்கும் இடைப்பட்ட இந்நிலத்தின் படைத்துறை முக்கியத்துவம் பிற்காலத்திலும் குறையவில்லை. 1791இல் மூன்றாம் மைசூர்ப் போரின்போது இராயக்கோட்டையை ஆங்கிலேயர் கைப்பற்றினர். ஆனால் அதே ஆண்டில் கிருஷ்ணகிரிக் கோட்டை மீது அவர்கள் நடத்திய தாக்குதல் தோல்வியடைந்தது.

கல்வெட்டுகள்

இராமநாதனின் ஆட்சியாண்டுகளைக் குறிக்கும் தமிழ்க் கல்வெட்டுகள் இன்றைய கர்நாடகத்தின் பெங்களூர், கோலார்ப் பகுதிகளிலும் கிடைத்துள்ளன. அவை எபிகிராபியா கர்நாடிகா தொகுதிகளில் வெளியிடப்பட்டுள்ளன. இன்றைய மாநில எல்லையின் இருபுறமும் அவனது ஆட்சியில் ஒரே நாடாக இருந்ததை இவை காட்டுகின்றன.

முடிவு

இராமநாதன் 1295ஆம் ஆண்டளவில் இறந்தான். அவன் மகன் விசுவநாதன் சில ஆண்டுகளே ஆண்டான். பின்னர் நரசிம்மனின் மகன் மூன்றாம் வல்லாளன் பிரிந்திருந்த இரு பகுதிகளையும் மீண்டும் இணைத்தான். நாடு பிரிந்ததாலும் சமவெளி கைநழுவியதாலும் தலைநகரான குந்தாணி, நாடு ஒன்றானதும் அந்நிலையை இழந்தது.