அநாதைக் கரு வாங்கிகளைக் கலம் கட்டுப்படுத்தும் விதம்

கரு வாங்கிகள் பெரும்பாலும் டி.என்.ஏ.யில் அமர்ந்து பரம்பரையலகுகளை இயக்கும் அல்லது அடக்கும் புரதங்கள். மனிதரில் இவை 48. ஈஸ்திரஜன் வாங்கி போன்றவை தமக்குரிய ஓமோன் வந்து பிணைந்தபின் செயற்படும். பிணையும் பொருள் இன்னதென்று அறியப்படாதவை அநாதை வாங்கிகள். சிலவற்றில் அப்பொருள் அமரவேண்டிய குழியே அடைபட்டிருப்பதாக 2003இல் அறியப்பட்டது. ஓமோனால் இயக்க முடியாத இத்தகைய வாங்கியை, எப்போது, எவ்வளவு ஆக்குவது என்பதைக் கொண்டே கலம் பெரிதும் ஆள்கிறது.

முதல் வழி, தேவைப்படும்போது விரைந்து ஆக்குவது. நர்77 என்ற வாங்கி ஓய்விலுள்ள கலத்தில் மிகக் குறைவு. வளர்ச்சிக் காரணியோ நரம்புத் தூண்டலோ வந்ததும், ஏற்கெனவே கலத்திலுள்ள புரதங்கள் பொசுபேற்றம் பெற்று அதன் பரம்பரையலகை இயக்குகின்றன. புதிய புரதம் எதற்கும் காத்திராததால் சில நிமிடங்களிலேயே பிரதியெடுப்பு தொடங்குகிறது. சில மணி நேரத்தில் அடங்கியும்விடுகிறது.

இரண்டாவது, நாள்தோறும் ஏற்றி இறக்குவது. குளொக், பிமல்1 என்னும் உடற்கடிகாரப் புரதங்கள் ரெவ்-எர்ப் ஆல்பாவை ஆக்குவிக்கின்றன. அது பெருகியதும் பிமல்1இன் பரம்பரையலகை அடக்குகிறது. பிமல்1 குறைய, ரெவ்-எர்ப் ஆல்பாவும் குறைந்து, அடக்குதல் தளர்ந்து, சுற்று மீண்டும் தொடங்குகிறது. ஹீம் என்னும் பொருள் ரெவ்-எர்ப் ஆல்பாவுடன் பிணைவது 2007இல் தெரியவந்ததால், இவ்வாங்கி இப்போது முற்றிலும் அநாதையல்ல.

மூன்றாவது, விளைபொருளைக் கொண்டே தடுப்பது. ஈரலில் பித்த அமிலம் மிகும்போது அது எஃப்.எக்ஸ்.ஆர். வாங்கியுடன் பிணைகிறது. எஃப்.எக்ஸ்.ஆர்., எஸ்.எச்.பி. என்ற அநாதை வாங்கியை ஆக்குவிக்கிறது. டி.என்.ஏ.யைப் பற்றும் பகுதி எஸ்.எச்.பி.க்கு இல்லை, எல்.ஆர்.எச்-1 என்ற மற்றொரு வாங்கியைப் பற்றி அதை முடக்குகிறது. அதனால், எல்.ஆர்.எச்-1 ஆக்குவிக்கும் நொதியம், அதாவது கொலஸ்திரோலைப் பித்த அமிலமாக்கும் பாதையின் முதல் நொதியம், குறைகிறது. எஸ்.எச்.பி.யின் பரம்பரையலகையும் எல்.ஆர்.எச்-1 இயக்குவதால், எஸ்.எச்.பி. தன் ஆக்கத்தையும் தானே குறைத்துக்கொள்கிறது.

ஆக்கிய புரதத்தை அழிப்பதும் கட்டுப்பாடே. எஸ்.எச்.பி.யின் ஆயுள் குறுகியது. யுபிகுயிற்றின் குறி இடப்பட்டு விரைவில் சிதைக்கப்படுகிறது. பித்த அமிலம் மிகுந்திருக்கையில் இச்சிதைவு தாமதமாகி, தடுப்பு நீடிக்கிறது.

எஃப்.எக்ஸ்.ஆர்.உம் முன்பு அநாதையே. பித்த அமிலம் அதற்குரியது என்பது 1999இல் தெளிவானது. 1966இல் வாரணாசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஜி.வி. சத்தியவதி இரத்தக் கொழுப்பு தொடர்பாக ஆராய்ந்த குக்குலுப் பிசினின் ஸ்டெரொயிட்டு ஒன்று இவ்வாங்கியைத் தடுப்பதாக 2002இல் அமெரிக்க ஆய்வாளர் காட்டினர். ஆனால் 2003இல் வெளியான அமெரிக்க மருத்துவப் பரிசோதனையில் குக்குலுச் சாறு கொலஸ்திரோலைக் குறைக்கவில்லை. ஒரு வாங்கியைத் தடுத்தாலும், இத்தனை கட்டுப்பாடுகள் பின்னிய உடலில் விளைவு அதனோடு நிற்பதில்லை.