கடைசல் இயந்திரம்

மரத்தைக் கடைபவர் உளியைத் தம் கையிலேயே பிடித்திருப்பார். கட்டிற் காலுக்கும் பம்பரத்துக்கும் அந்தப் பிடி போதும்; எஃகுக்குப் போதாது. கை சற்றே தளர்ந்தாலும் தண்டு ஓரிடத்தில் பருத்தும் மற்றோரிடத்தில் சிறுத்தும் போய்விடும். இங்கிலாந்தில் ஹென்றி மாட்ஸ்லே என்பார் 1800-ஆம் ஆண்டையொட்டி அமைத்த இயந்திரத்தில், உளியை இறுகப் பற்றி நேர்கோட்டில் நகரும் தாங்கியும், அதனைச் சீராக இழுத்துச் செல்லும் மரைத்தண்டும் அமைந்திருந்தன. இவற்றை முதன்முதலில் எண்ணியவர் அவரல்லர். உறுதியான உலோகச் சட்டத்தில் ஒருங்கே பொருத்தியதே அவர் பெருமை. இன்று நாம் லேத் என்று வழங்கும் கடைசல் இயந்திரத்தின் உருவம் அந்த வழியில் வந்தது.

மாணவ நண்பர்களே, இவ்வியந்திரத்தைக் காணும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். அதுவே அச்சுக்கோடு. இடப்புறத் தலைப்பகுதியில் உள்ள சுழல்தண்டு அக்கோட்டின் மீது சுழல்கிறது. வலப்புற வாற்பகுதியின் கூர்முனை அதே கோட்டில் நின்று நீண்ட தண்டுகளைத் தாங்குகிறது. இரண்டுக்கும் அடியில் வார்ப்பிரும்புப் படுகை. அதன் மீது அச்சுக்கு இணையாக உளிவண்டி ஊர்கிறது. வண்டியின் மேலுள்ள குறுக்குச் சறுக்கி அச்சுக்குச் செங்குத்தாக நகர்கிறது. இந்த இணையும் செங்குத்தும் பிறழ்ந்தால் எத்தனை கைத்திறன் இருந்தும் பயனில்லை. உருளை கடைய முயன்றால் கூம்புதான் கிடைக்கும்.

சுழல்தண்டின் முனையில் பொருளைப் பற்றுவது சக். மூன்று தாடைச் சக்கில் தாடைகள் ஒருங்கே நகர்ந்து, உருண்டைத் தண்டைத் தாமே நடுவில் நிறுத்தும். நான்கு தாடைச் சக்கில் ஒவ்வொன்றையும் தனியே திருக வேண்டும். பொறுமை தேவை, ஆயினும் எவ்வடிவப் பொருளையும் துல்லியமாக நிறுத்தலாம். இறுக்கியவுடன் சாவியைக் கழற்றிவிட வேண்டும். சாவி சக்கில் இருக்க இயந்திரம் ஓடினால் அது எறிகல்லாய்ப் பறக்கும். இதில் மறதிக்கு மன்னிப்பே இல்லை.

உளியை வெளியே நெடிது நீட்டாமல் பொருத்துக, நீண்டால் அதிரும். அதன் நுனி அச்சுக்கோட்டின் உயரத்தில் நிற்க வேண்டும். இதை அறிய எளிய வழி உண்டு. இயந்திரம் நிற்கும்போது, உளி நுனிக்கும் தண்டுக்கும் இடையே மெல்லிய எஃகு அளவுகோலை மெதுவாகச் சிறைப்படுத்துங்கள். அது செங்குத்தாக நின்றால் உயரம் சரி. அதன் மேல்முனை உங்கள் பக்கம் சாய்ந்தால் உளி தாழ்ந்திருக்கிறது. தண்டின் பக்கம் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது.

இனி வேகம். அதிவேக எஃகு உளியால் மென் எஃகைக் கடையும்போது, மேற்பரப்பு நிமிடத்துக்குச் சுமார் 30 மீட்டர் உளியைக் கடக்கலாம். 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டின் சுற்றளவு ஏறத்தாழ 78.5 மில்லிமீட்டர், ஆகவே நிமிடத்துக்கு 380 சுற்று. விட்டம் இருமடங்கானால் சுற்றுகள் பாதியாகும்.

முதலில் தண்டின் முகத்தை வெளி விளிம்பிலிருந்து மையம் நோக்கிச் சீவிப் பாருங்கள். நடுவில் சிறு குமிழ் எஞ்சி நின்றால், உளியின் உயரத்தை மீண்டும் சரிசெய்ய வேண்டும்.